வட்டத்துக்குள் வராத ஆடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வரும் பெயர்கள் எல்லாம் நான் வைத்தவை. ரங்கூனில் பபேடான் வட்டாரம் என்பது வரை உண்மை, தெரு எண்ணைக் கேட்காதீர்கள். கதையில் ஒரு கார்ட்டூன் படம் வரும், அதில் உள்ள பிராணியைக்கூட மாற்றியிருக்கிறேன். ஆடு என்று எழுதியிருப்பதை ஆடு என்றே வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை மறைப்பு எதற்கு என்பது போகப்போகத் தெரியும். தெரியாவிட்டால் அது என் எழுத்தின் கோளாறு. நான் கைபேசி ரிப்பேர் செய்கிறவன், எழுத்தாளன் இல்லை.

என் கடை கட்டடத்தின் கீழ்த்தளத்தில், படிக்கட்டை ஒட்டி, ஆறடிக்கு நாலடி. உடைந்த திரை மாற்றுவேன், சிம் போட்டுத் தருவேன், முகநூல் திறக்கவில்லை என்று வருகிறவர்களுக்குத் தடையைத் தாண்டிப் போக வீபிஎன் ஏற்றித் தருவேன். தெருவில் உள்ள அத்தனை பேருடைய கைபேசியும் என் கைக்கு வந்துபோவதால் அத்தனை பேருடைய சங்கதியும் எனக்குத் தெரியும். வாயைத் திறக்காமல் இருப்பதுதான் இந்தத் தொழிலில் முக்கியம். அதில் நான் ஒரே ஒரு தடவை தவறினேன்.

ஆறாம் மாடியில் அம்சவேணி அக்கா இருக்கிறார். லிஃப்ட் கிடையாது, நூற்றுப் பன்னிரண்டு படி. ரங்கூனில் மேல்மாடிக்காரர்கள் எல்லோரும் பலகணியிலிருந்து தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கவிடுவார்கள். கீழ்நுனியில் ஒரு கிளிப், மேலே ஒரு மணி. வருகிறவர் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும், கொண்டுவந்ததைக் கிளிப்பில் மாட்டினால் மேலே போய்விடும். அக்காவின் கயிறு பச்சை நைலான். காற்றடித்தால் என் கடைப் பலகையில் வந்து இடிக்கும். மசாலாக் கடை ஒன்றுக்கு மிளகாய்த்தூளும் மஞ்சள்தூளும் பொட்டலம் போட்டுத் தருவதுதான் அவருக்கு வேலை. மெழுகுவத்திச் சுடரில் பிளாஸ்டிக் பையின் வாயைக் காட்டி ஒட்டுவார். தூள் கயிற்றில் ஏறும், பொட்டலம் கயிற்றில் இறங்கும். அதனால் அவரைப் பார்க்காமல் கயிற்றை மட்டும் பார்த்துக்கொண்டு நான் கழித்த மாதங்கள் உண்டு. அதில் எனக்கு வெட்கம்தான்.

இப்போது ஆட்டுக்கு வருகிறேன்.

பேசும் படம் வருவதற்கு முன்னால், ஐரோப்பாவில் ஏதோ ஒரு நாட்டில், கையால் வரைந்து எடுத்த கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன்கள் அந்த ஆடு வருகிற படங்கள். ஒவ்வொன்றும் ஏழு நிமிடம். கதாநாயகன் ஒரு முயல், கப்பல் தலைவன். எலும்பே இல்லாததுபோல் வளைகிற கைகால். அவன் பக்கத்தில் எந்நேரமும் ஓர் ஆடு. நங்கூரம் தூக்குவது ஆடு. கப்பலில் ஓட்டை விழுந்தால் வாலை விட்டு அடைப்பது ஆடு. குண்டு தீர்ந்துபோனால் பீரங்கிக்குள் திணிக்கப்படுவதும் ஆடுதான். படத்தின் தலைப்பில் முயலின் பெயர் இருக்கும். ஆட்டுக்குப் பெயரே வைக்கவில்லை. கடைசியில் திரையின் ஓரங்களிலிருந்து இருட்டு கிளம்பி, படம் ஒரு வட்டமாகச் சுருங்கும். வட்டம் முயலின் சிரித்த முகத்தில் போய் நின்று மூடும். பக்கத்திலேயே நிற்கிற ஆட்டை இருட்டு முதலிலேயே விழுங்கிவிடும். சின்ன வயதில் எனக்கும் முயலைத்தான் பிடிக்கும். ஆடு எப்போது காணாமல் போகிறது என்று நான் கவனித்ததே இல்லை.

தொண்ணூற்று இரண்டாம் வருடம் எங்கள் பக்கத்தில் வீடியோ கேசட் வாடகைக்கு விடுகிற முதலாளி ஒருவர் இந்தப் படங்களை எங்கிருந்தோ வாங்கினார். பியானோ சத்தம் தவிர ஒன்றும் கிடையாது. பேச்சில்லாத படத்தை எந்தப் பிள்ளை பார்க்கும் என்று பர்மிய வசனம் எழுதி, குரல் கொடுக்க ஆள் தேவை என்று கடைக் கதவில் ஒட்டினார். அம்சவேணி அக்காவுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. க்யிம்யிண்டைங்கில் படகுத்துறைக்குப் பக்கத்தில் வீடு. அந்தக் காகிதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதுமே பஸ் ஏறி வந்துவிட்டார். முயலுக்குக் குரல் கொடுக்கவேண்டும் என்று ஆசை.

முதலாளி ஒரு வரியைப் படிக்கச் சொன்னார். படித்தார். அந்த மனிதர் சிரித்துவிட்டு, "உன் பர்மியப் பேச்சில மசாலா வாசம் அடிக்குதே, தங்கச்சி. முயல் கறிக்குழம்பு வைக்கிற மாதிரி இருக்கு" என்று பர்மியத்தில் சொன்னாராம். அங்கே இருந்தவர்களும் சிரித்திருக்கிறார்கள். அக்கா எழுந்து கதவு வரைக்கும் போனார். அங்கே நின்று, ஆத்திரம் தாங்காமல், முதலாளியின் முகத்தைப் பார்த்து ஆடு மாதிரி ஒரு கத்துக் கத்தினார். க்யிம்யிண்டைங்கில் அடுத்த வீட்டில் ஆடு வளர்த்தார்கள். சின்னப் பிள்ளையிலிருந்தே அவற்றோடு வாய்க்கு வாய் கத்திப் பழகியவர்.

முதலாளி கூப்பிட்டு உட்காரவைத்தார். ஆட்டுக்கு வசனம் கிடையாது, ஆகவே வாசமும் அடிக்காது என்று எடுத்துக்கொண்டார். வேலை கிடைத்த சந்தோஷமும், எதனால் கிடைத்தது என்கிற வலியும் அக்காவுக்கு ஒன்றாகவே இருந்திருக்கிறது. இதை அவரே என்னிடம் சொன்னார், சிரித்துக்கொண்டேதான்.

இருபத்து இரண்டு படம் செய்தார்கள். முதல் படத்தில் வட்டம் மூடி, திரை கறுத்து, முயலுக்குக் குரல் கொடுத்த அம்மா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்த பிறகு, அக்கா மட்டும் பிந்திப்போய் ஒரு தரம் "ம்மே..." என்று கூப்பிட்டுவிட்டார். கூப்பிட்ட பிறகுதான் தப்பு தெரிந்தது. முதலாளிக்கு அது பிடித்துப்போனது. அப்படியே விடச் சொன்னார். பிறகு இருபத்து இரண்டிலும் அது வந்தது. எல்லாம் இருட்டின பிறகு, ஆளே தெரியாமல், ஒரே ஒரு கூப்பாடு. பிள்ளைகள் அதற்காகவே கேசட்டை நிறுத்தாமல் காத்திருப்பார்கள். நானும் காத்திருந்தவன்தான். கேசட் உறையில் முயலின் குரல் டோ தந்தா என்று பெரிதாகப் போட்டிருந்தது, டோ என்றால் இங்கே அம்மா என்கிற மரியாதை. மற்ற குரல்களைப் பொடியாகப் போட்டிருந்தது. ஆட்டைப் போடவே இல்லை.

அதற்குப் பிறகு அக்கா துறைமுகத்தில் வேலை பார்த்த சிவநாதன் அண்ணனைக் கட்டிக்கொண்டு இந்த ஆறாம் மாடிக்கு வந்தார். ஒரே பிள்ளை, சிவராஜ். பள்ளிக்கூடத்தில் ஸா லின் என்று பர்மியப் பெயர். பிள்ளைக்கு நாலு வயதாகும்போது அண்ணன் காய்ச்சலில் போய்விட்டார். அக்கா தமிழில் பேசுவார், பிள்ளை பர்மியத்தில் பதில் சொல்லும். இரண்டு பேருக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

சாயந்திரம் ஆறு மணிக்கு அக்கா பலகணியில் வந்து நிற்பார். கீழே பிள்ளைகள் பிரம்புப் பந்து உதைத்துக்கொண்டிருக்கும். மேலேயிருந்து ஒரு "ம்மே..." வரும். திரை கறுத்த பிறகு வருமே, அதே கூப்பாடு. சோறு ஆறுது, மேலே வா என்று அர்த்தம். "ஸா லின், உங்கம்மா கூப்பிடுறாங்கடா!" என்று தெருவே சொல்லும். அவன் பந்தை அப்படியே போட்டுவிட்டுப் படிக்கு ஓடுவான். நூற்றுப் பன்னிரண்டு படியையும் எண்ணிக்கொண்டே ஏறுவான், என் கடையில் கேட்கும்.

பன்னிரண்டு வயதில் ஒருநாள் மேலே போய், "இனிமே அப்படிக் கத்தாதே. பசங்க சிரிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டான். அக்கா அன்றோடு நிறுத்திவிட்டார். அதன் பிறகு அவன் வரும்போது வருவான். அக்கா தட்டை மூடிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யார்மேலும் தப்பில்லை, பிள்ளைகள் அந்த வயதில் அப்படித்தான். ஆனால் அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு அந்தப் பயல்மேல் ஒரு கோபம் இருந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

பிறகு அவன் வளர்ந்தான், எலக்ட்ரானிக் சாமான் கடையில் சேர்ந்தான், நல்ல பையன் என்று பெயர் எடுத்தான். இருபத்து நான்காம் வருடம் வாலிபப் பையன்களைப் பட்டாளத்துக்கு எடுக்கிற சட்டம் வந்தது. தெருவில் பையன்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். சிவராஜுக்கு அப்போது இருபத்தாறு. ஒருநாள் காலையில் வேலைக்குப் போகிறவன் மாதிரியே ஒரு தோள்பையோடு இறங்கினான். என் கடை முன்னால் நின்று, "அண்ணே, அம்மா போனைப் பாத்துக்குங்க" என்றான். அவன் என்னிடம் தமிழில் பேசியது அது ஒரு தடவைதான்.

அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனது இவ்வளவுதான்: "எங்கேன்னு கேக்காதே. நானாக் கூப்பிடுற வரைக்கும் நீ கூப்பிடாதே." முதல் மாதம் இரண்டு தடவை கூப்பிட்டான். பிறகு இல்லை. எண் செத்துப்போயிருந்தது. நான் என் போனிலிருந்தும் முயன்று பார்த்தேன். அப்படியே பதினோரு மாதம்.

இடையில் பட்டாளத்துக்கு ஆள் தேடி, வீட்டுப் பட்டியல் சரிபார்க்கிறவர்கள் வந்தார்கள். மூச்சு வாங்க ஆறாம் மாடி ஏறியவர்களுக்கு அக்கா தண்ணீர் கொடுத்து, "சண்டை போட்டுட்டுப் போயிட்டான். இருக்கானோ செத்தானோ எனக்குத் தெரியாது. எனக்குப் பிள்ளையே இல்லைன்னு எழுதிக்குங்க" என்றார். அவர்கள் போன பிறகு கீழே இறங்கி வந்து என் முக்காலியில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

"நல்லாத்தான் சொன்னீங்க, அக்கா. அசந்துபோயிருப்பாங்க" என்றேன்.

"பொய் சொல்றது லேசா இருந்துச்சு, தேவராஜு. நடுவுல ஒண்ணு சொன்னேன் பாரு, இருக்கானோ செத்தானோன்னு. அது பொய் இல்லையே."

பழைய கைபேசி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்கிறவன் மாதிரி இருந்தேன்.

அந்தப் பதினோரு மாதத்தில் அக்கா பேச்சைக் குறைத்துவிட்டார். மின்சாரம் போய்விட்டு வந்தால் தெருவே "மீ லா பீ!", விளக்கு வந்தாச்சு என்று கூவும், ஆறாம் மாடியில் மட்டும் விளக்கு எரியாது. போட்டுக்கொள்ளத் தோன்றாது போல. மிளகாய்த் தூள் மூச்சில் ஏறி ஏறி ஓயாத இருமல். கயிறு ஏறும், இறங்கும், ஆள் வருவதில்லை. நான் வாரத்துக்கு ஒருநாள் மீன்குழம்பில் சேமியா போட்ட மொகிங்கா வாங்கிக் கிளிப்பில் மாட்டி மணியடிப்பேன். வெறும் பாத்திரம் கழுவித் துடைத்துத் திரும்ப வரும். உயிரோடு இருக்கிறார் என்று அதை வைத்துத் தெரிந்துகொள்வேன்.

அப்போதுதான் தஸ்லீமாவின் முகநூல் பக்கம் என் கண்ணில் பட்டது. தஸ்லீமா எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற பெண். பழைய பொருள், பழைய போட்டோ, பழைய விளம்பரம் என்று தேடிப்பிடித்துப் போடுவாள். ஏகப்பட்ட பேர் பார்க்கிறார்கள். யாரோ வீட்டுப் பரணில் கிடந்த அந்த முயல் கேசட்டுகளைத் துடைத்துச் சரிசெய்து வாரத்துக்கு ஒன்றாக ஏற்ற ஆரம்பித்திருந்தாள். நான் கைபேசியை எடுத்துக்கொண்டு ஒரே மூச்சில் ஆறு மாடி ஏறினேன். அக்கா முகம் கொஞ்சம் மலர்ந்தால் போதும் என்று நினைத்தேன்.

மலர்ந்தது. வட்டம் மூடி, திரை கறுத்து, அந்தக் கூப்பாடு வந்தபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு கீழே போட்டிருந்த பட்டியலைப் படித்தார். முயல், டோ தந்தா. நரி, இன்னார். தவளை, இன்னார். ஆடு, மிஷின்.

"மிஷினா?" என்றார். எழுந்து நின்றுவிட்டார். "நான் என்ன மாவரைக்கிற மிஷினா? இருபத்து ரெண்டு படம், தம்பி! ஒரு கத்து மாதிரி இன்னொரு கத்து இருக்காது. பயந்தா ஒண்ணு, பசிச்சா ஒண்ணு. மிஷினுக்குப் பசிக்குமா?"

பதினோரு மாதத்துக்குப் பிறகு அவருக்குக் கோபம் வந்தது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, குரல் கொடுத்த பழைய ஆட்களை ஒரு டீக்கடையின் மாடிக்கு வரச்சொல்லி தஸ்லீமா கூட்டம் வைத்திருந்தாள். அக்கா கல்யாணத்துக்குப் போவது மாதிரி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் கடையைப் பூட்டிக்கொண்டு கூடப் போனேன்.

டோ தந்தாவுக்கு எழுபதுக்கு மேல் ஆகிவிட்டது. எல்லோரும் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அவர் கையைப் பிடித்து, "மமா தந்தா, நான்தான் ஆடு" என்றார் பர்மியத்தில், மமா என்றால் அக்கா. அந்தம்மா நல்ல மனுஷி, வேண்டுமென்று செய்யவில்லை. நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஆட்டுக்கு ஆள் இருந்ததா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

தஸ்லீமாதான் மரியாதையாக, "அப்ப ஒரு தடவை செஞ்சு காட்டுங்க, ஆன்டி" என்றாள். கைபேசிகள் எல்லாம் அக்கா பக்கம் திரும்பின. அக்கா நிமிர்ந்து நின்று வாயைத் திறந்தார். வந்தது காற்று. மறுபடி முயன்றார். மிளகாய்த் தொண்டை இருமலாகப் பிடித்துக்கொண்டது. கண்ணில் நீர் வர இருமினார். யாரோ நாற்காலி போட்டார்கள், யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. கிளம்பும்போது ஆளுக்கொரு கேக் பெட்டி கொடுத்தார்கள், அக்காவுக்கும் ஒன்று.

கட்டட வாசலில் கேக்கை என்னிடம் நீட்டிவிட்டு, "கத்தினது நான்தானா, வேற யாராச்சுமான்னு எனக்கே சந்தேகமாப் போச்சுடா" என்றார். படிக்கட்டில் ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறுகிற சத்தம் கேட்டது.

என் ரத்தம் கொதித்தது. உட்கார்ந்தேன், கடைப் பெயரில் இருக்கிற கணக்கிலிருந்து அந்தப் படத்துக்குக் கீழே பர்மியத்தில் எழுதினேன். ஆடு மிஷின் இல்லை, எங்கள் கட்டடத்தில் ஆறாம் மாடியில் உயிரோடு இருக்கிறது, சந்தேகம் இருந்தால் இந்தத் தெருவுக்கு வந்து யாரை வேண்டுமானாலும் கேள் என்று தெரு எண்ணும் போட்டேன். என்னமோ பெரிய காரியம் செய்துவிட்டவன் போல் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். ஊராரின் சங்கதியை வாய்க்குள்ளேயே வைத்திருக்கவேண்டியவன் செய்கிற வேலையா அது? மறுநாள் பார்த்தபோது நாற்பது ஐம்பது பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள்.

நாலாம் நாள் காலையில் கடை திறந்தபோது என் வரிகளுக்கு அடியில் ஒரு பதில் இருந்தது. பெயர் ஏதோ மூன்று எழுத்து, முகப்படம் இல்லை, முந்தின நாள்தான் திறந்த கணக்கு. பர்மியத்தில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன்.

"ஆடு மிஷின் இல்லை. என் அம்மா. இருட்டின பிறகு வருவது, சோறு ஆறுது மேலே வா என்று அர்த்தம். பன்னிரண்டு வயதில் நான்தான் நிறுத்தச் சொன்னேன். அது தப்பு. இங்கே சாயந்திரம் ஆனால் காதில் கேட்கிறது."

நான் பச்சைக் கயிற்றை இழுத்தேன். இழுத்துக்கொண்டே இருந்தேன், மேலே மணி விடாமல் அடித்தது. அக்கா எட்டிப் பார்த்தார். கைபேசியைத் தூக்கிக் காட்டினேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, முந்தானையைக்கூடச் சரிசெய்யாமல் இறங்கி வந்தார்.

முக்காலியில் உட்கார்ந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"எப்பப் போட்டது?"

"ராத்திரி ஒம்பது மணிக்கு."

"நேத்தா?"

"நேத்துத்தான், அக்கா."

"அப்ப நேத்து ஒம்பது மணிக்கு இருந்தான்" என்றார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. இரண்டு கையாலும் கைபேசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டென்று தலையை நிமிர்த்தினார். "இது யார் யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும்."

"மேல இருக்கிறது உன்னோடதா? தெரு நம்பர் நீ போட்டதா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வரியில் தெருவும் மாடியும் இருக்கிறது. அதற்கு அடியில் என் அம்மா என்று ஒருவன் எழுதியிருக்கிறான். பிள்ளையே இல்லை என்று எழுதிக்கொண்டு போனவர்களுக்கு இரண்டையும் சேர்த்துப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அக்கா என்னைத் திட்டியிருக்கலாம். கைபேசியை என் பக்கம் திருப்பினார்.

"அழிச்சிடு, தேவராஜு."

"நான் எழுதினதை அழிச்சா, அவன் எழுதினதும் சேர்ந்து போயிடும். ஒரு படமாவது எடுத்து உங்க போன்ல வைக்கிறேன்."

"பட்டாளத்துக்காரங்க தெருவுல நிறுத்திப் போனைப் பாக்குறாங்க. வேண்டாம். ஒரு நிமிஷம் இரு."

மூன்றாம் தடவை படித்தார், உதடு அசைய. பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதற்கு முன்னால் கண்ணை மூடிப் பார்ப்பது மாதிரி கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டார். "ம்" என்றார். நான் அழித்தேன். பதினோரு மாதத்தில் வந்த ஒரே சேதி அவர் கண் முன்னால் போயிற்று.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மத்தியானம் தஸ்லீமாவே வந்துவிட்டாள். ஆறு மாடி ஏறி, இளைக்க இளைக்க, கையில் சட்டம் போட்ட சான்றிதழோடு. ஆடு, டோ அம்சவேணி என்று பொன் எழுத்து. நானும் பின்னாலேயே ஏறினேன்.

"மன்னிச்சிடுங்க, ஆன்டி. அன்னிக்கு நாங்க நம்பலை. காலையிலதான் உங்க மகன் எழுதினதைப் பாத்தேன். அழிஞ்சுபோறதுக்கு முன்னாலேயே படம் எடுத்து வச்சுட்டேன்" என்று தன் கைபேசியைக் காட்டினாள். "இதைப் போட்டு, உங்க போட்டோவும் போட்டு, ஆட்டோட கதைன்னு நாளைக்குப் பெருசா எழுதப்போறேன். ஊரே அழும்."

அக்கா சான்றிதழைக் கையில் வாங்கினார். தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். முப்பத்து மூன்று வருடமாக எந்த உறையிலும் வராத பெயர். என்ன செய்யப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. பலகணிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எனக்குப் பிள்ளை கிடையாதும்மா" என்றார். "யாரோ விளையாட்டுக்கு எழுதியிருக்காங்க. இந்தத் தேவராஜும் ஒரு உளறுவாய். நானும் ஆசையில வந்து நின்னுட்டேன். பாத்தியே, எனக்குக் கத்தக்கூட வரலை. அது மிஷின்தான். நீ முதல்ல போட்டது சரி."

தஸ்லீமா குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள். பிறகு அறையைப் பார்த்தாள். சுவரில் ஆணி மட்டும் இருந்தது, போட்டோ இல்லாமல். அதற்குக் கீழே மூலையில் பழைய பிரம்புப் பந்து ஒன்று. அந்தப் பெண் அதையே சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் ஒரு அண்ணன் இருக்கான், ஆன்டி" என்று மெதுவாகச் சொன்னாள். கைபேசியில் அந்தப் படத்தை அழித்து, அழிந்ததை அக்காவிடம் காட்டினாள். சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கொண்டு, படியிறங்கிப் போனாள்.

அன்றைக்குச் சாயந்திரம் மின்சாரம் போயிற்று. தெருவில் பாதிப் பேர் வெளியே வந்து நின்றிருந்தோம். ஆறு மணி இருக்கும். மேலேயிருந்து "ம்மே..." என்று வந்தது. முதலில் கம்மலாக, பிறகு முழுசாக. இருமலும் இல்லை, காற்றும் இல்லை. எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். பழைய ஆட்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

இப்போது தினமும் கூப்பிடுகிறார். தெரு பழகிவிட்டது, மணி பார்ப்பதற்குப் பதில் அதைக் கேட்கிறார்கள். கிழவிக்குக் கொஞ்சம் தட்டிவிட்டது என்று மொகிங்காக் கடைக்காரர் சொன்னார், அவரோடு நான் பேசுவதை விட்டுவிட்டேன். தஸ்லீமாவின் பக்கத்தில் இன்றைக்கும் ஆட்டுக்கு நேராக மிஷின் என்றுதான் இருக்கிறது. அவனிடமிருந்து அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

போன வாரம் ஒருநாள், அந்தக் கூப்பாட்டைக் கேட்டுக்கொண்டு கீழே உட்கார்ந்திருக்க முடியாமல், நானே படியேறிப் போனேன். நூற்றுப் பன்னிரண்டு. கதவு திறந்தே இருந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு தட்டு நிறையச் சோறு போட்டு, மேலே இன்னொரு தட்டால் மூடி வைத்திருந்தது. அக்கா என்னைப் பார்த்ததும், "வா தம்பி, சாப்பிடு" என்றார். நான் அந்தத் தட்டுக்கு முன்னால் உட்காரப்போனேன்.

"இரு, இரு. அது இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, எனக்கு அடுக்கிலிருந்து வேறொரு தட்டு எடுத்தார்.